காயம்பட்ட மரையைத் துரத்தாதீர்கள்

கொழுந்து பறிக்கும் தேயிலை மலையில் இரத்தச் சொட்டைப் பார்த்துவிட்டார்கள் என்றால் போதும், கொஞ்ச நேரத்தில் லயத்து வீடுகளில் இருந்து பொடியன்கள் நாய்களையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். பாவம், காப்பாற்றத்தான் வருகிறார்கள். ஆனால் சுருக்குக் கம்பியிலோ வெடியிலோ தப்பிய மரை என்கிற பெரிய மான், பல நேரம் இந்த ஓட்டத்தில்தான் செத்துப்போகிறது.

மான் இனத்துக்குப் பயமே ஒரு நோய் மாதிரி. உயிருக்குப் பயந்து ஓடும்போது உடம்பில் அமிலம் ஏறி, தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். கண்முன்னே எழுந்து ஓடிய மரை ரெண்டு மூன்று நாள் கழித்து மானாப்புல்லுக்குள் செத்துக் கிடப்பது இதனால்தான். விட்டுவிட்டால் பெரும்பாலும் பக்கத்துப் பற்றைக்குள்ளேயே படுத்துவிடும். கிட்டப் போய் எழுப்பினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது.

அடுத்த தவறு, தடத்தின் மேலேயே நடப்பது. கடைசியாக இரத்தம் கண்ட இடத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு ஓரமாக நில்லுங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரலில் அடி. பச்சையாக இரைப்பைக் கழிவு கலந்திருந்தால் வயிற்றில். தேயிலைச் செடியில் எந்தப் பக்கம், எந்த உயரத்தில் பூசியிருக்கிறது என்று பாருங்கள், காயம் இருக்கும் பக்கம் பிடிபடும். மூன்று குளம்பு ஆழமாகப் பதிந்து நாலாவது மண்ணைக் கீறியிருந்தால் கால் போயிருக்கிறது. நம்ம ஊர் மழை இதையெல்லாம் நொடியில் கழுவிவிடும், அதனால் உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். நாய் துரத்திய மரை தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பழக்கம் உண்டு. ஆற்றோரத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தால் போதும்.

சுருக்கில் மாட்டியிருந்தால் கம்பியை நீங்களே வெட்டாதீர்கள். காலில் இறுகிய வளையத்தோடு காட்டுக்குள் ஓடினால் அது எலும்புவரை அறுத்துக்கொண்டே போகும். கிடா மரை 200 கிலோவுக்கு மேலும் இருக்கும், கொம்பால் ஒரு குத்துப் போதும். பன்றிக்கு என்று கட்டும் கம்பி ஆளைப் பார்த்தா பிடிக்கிறது? 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை மாட்டியதும் அப்படித்தான். உடவளவையில் இருக்கும் வனவிலங்குச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோயும் அது பிழைக்கவில்லை.

வாயில் தண்ணீர் ஊற்றுவது, காலைக் கட்டி லொறியில் ஏற்றுவது எதுவும் வேண்டாம். "எப்படியும் சாகத்தானே போகுது" என்று கத்தியை எடுப்பது 1937ஆம் ஆண்டின் வனஜீவராசிகள் சட்டப்படி குற்றம்.

சுருக்கு வைத்தவன் நம்ம லயத்து ஆள் என்று வாயை மூடிக்கொள்வதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற நம்பரில் போன் எடுத்துச் சொல்லுங்கள். தோட்டம், டிவிஷன், மலை நம்பர், பார்த்த நேரம், எந்தக் கால் என்பதைச் சொன்னால் அவர்களுக்குத் தேடும் நேரம் மிச்சம். நாய்களைக் கட்டிப்போடுங்கள். அவர்கள் வரும்வரை ரோட்டில் ஒரே ஒரு ஆள் நின்று வழி காட்டட்டும்.