பெண் நிருபரை வைத்து கிரைம் நாவல் எழுதப் போகிறீர்களா?

நாயகி நாளிதழ் நிருபர், வயது இருபத்துமூன்று, ஊர் சென்னை. சரி. முதல் அத்தியாயத்திலேயே அவளைக் கொலைகாரன் பின்னால் ஓடவிடாதீர்கள். நிருபராகக் கிரைம் பீட் (குற்றச் செய்திகள்) பார்த்த காலத்தில் நான் யாரையும் துரத்தியதில்லை. ஸ்டேஷன் வாசல், மார்ச்சுவரி வாசல், கோர்ட் வராண்டா என்று காத்துக்கிடந்ததுதான் அதிகம்.

முதலில் அவளை ஒரு ஸ்டேஷன் ரைட்டரோடு, அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரரோடு, பழகவிடுங்கள். பேட்டி கொடுப்பது இன்ஸ்பெக்டர். காகிதமெல்லாம் இருப்பது ரைட்டர் மேஜையில்.

"என்னம்மா, இந்நேரத்துல நீ வந்திருக்க? ஆபீஸ்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

"இறந்தவங்க பேரையும் செக்‌ஷனையும் மட்டும் சொல்லுங்கண்ணே, போயிடறேன்."

அந்த செக்‌ஷனில்தான் உங்கள் கதை இருக்கிறது. வாடகை வீட்டில் ஒரு பெண் இறந்துகிடக்கிறாள். முதலில் சந்தேக மரணம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194-இல் பதிவாகும். கொலை என்று தெரிந்தால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 103-க்கு மாற்ற வேண்டும். (கதை 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. இதில் கோட்டைவிட்டால் வக்கீல் வாசகர்கள் விடமாட்டார்கள்.) அதை மாற்றவிடாமல் இழுத்தடிப்பது யார்? அவரைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்கு வில்லன் கிடைத்துவிட்டார்.

அடுத்து, உடலைச் சாயங்காலம் மார்ச்சுவரிக்குக் கொண்டுவாருங்கள். இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் ஒன்றிய அரசு அனுமதித்தது. ஆனால் கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்குப் பொதுவாக அது பொருந்தாது, காலை வரை காத்திருக்க வேண்டும். அந்த ராத்திரி முழுக்க உறவினர்கள் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். யார் அழுகிறார்கள், யார் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறார்கள், யார் டீ வாங்கிக் கொடுத்து எல்லோரையும் கவனித்துக்கொள்கிறார்கள் என்று அவள் பார்க்கட்டும். ரத்தத்தை வர்ணிப்பதைவிட இது வேலைக்கு ஆகும்.

ஆபீஸையும் விடாதீர்கள். அவள் பார்த்துப் பார்த்து எழுதியதை, செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் வெட்டி, 'மர்ம நபர்களை போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர்' என்று முடித்துவிடுவார்கள். பாலியல் வன்கொடுமை வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ போடவே கூடாது, பி.என்.எஸ். 72-இன்படி அது குற்றம். தெரிந்ததில் பாதியை அவள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிய வேண்டும்.

அப்புறம், போட்டிப் பத்திரிகைக்காரரைக் கெட்டவராக்க வேண்டாம். அவள் தவறவிட்ட செய்தியைப் பதிப்பு போவதற்குள் போனில் சொல்லிக் காப்பாற்றுவது அநேகமாக அவராகத்தான் இருக்கும். பதிலுக்கு அவரும் ஏதாவது கேட்பார். எதைக் கேட்கிறார் என்பதை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.