‘ஐ ஆம் ஹேவிங்’ எங்கிருந்து வருகிறது?

இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகளோடு உட்கார்ந்தால், முதல் ஐந்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும்: ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்.’ நன்றாகப் படித்த பிள்ளைகளும் இப்படித்தான் சொல்கிறார்கள். தப்பு என்று திருத்தினால் அன்றைக்கு மட்டும் சரியாகும். அது எங்கே பிறக்கிறது என்று காட்டினால்தான் போகும்.

‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல் நம் அன்றாடப் பேச்சில் இல்லை. ‘எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்காங்க’, ‘என்கிட்ட பணம் இருக்கு’, ‘பைக் வச்சிருக்கேன்’ என்கிறோம். எல்லாவற்றிலும் ‘இரு’ வந்து நிற்கிறது. ‘வந்துகிட்டிருக்கேன்’ என்பதிலும் அதே ‘இரு’தான், அதை ‘ஐ ஆம் கமிங்’ என்று பள்ளியிலேயே பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் ‘வச்சிருக்கேன்’ என்று மனசில் ஓடியதும் வாயில் ‘ஐ ஆம் ஹேவிங்’ வந்துவிடுகிறது.

உடைமை, உறவு, காய்ச்சல், வேலை அனுபவம் எதுவானாலும் ‘ஐ ஹேவ்’ போதும். ‘ஐ ஹேவ் எ ஃபீவர்.’ ‘ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்.’

அப்படியென்றால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ தப்பா? இல்லை, ரொம்பச் சரி. அங்கே ‘ஹேவ்’ என்றால் சாப்பிடுவது, அதாவது ஒரு செயல். மீட்டிங் நடத்துவதும் பார்ட்டி வைப்பதும் அப்படியே. சொல்லப்போவதைத் தமிழில் நினைத்துப் பாருங்கள்: ‘இருக்கு’, ‘வச்சிருக்கேன்’ என்று வந்தால் ‘இங்’ வேண்டாம், சாப்பிடுவது, குடிப்பது, நடத்துவது என்று வந்தால் தாராளமாகப் போடலாம்.

ஓரிடத்தில் அர்த்தமே மாறிவிடும். அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகிற பையன் இருக்கிறான் என்று சொல்ல நினைத்து, ‘மை சிஸ்டர் ஈஸ் ஹேவிங் எ பேபி’ என்றால், கேட்பவர் அக்கா மாசமாக இருக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

‘டஸ்’, ‘டிட்’ வந்தபின் ‘ஹேஸ்’, ‘ஹேட்’ வராது. ‘ஷீ டஸ்ன்ட் ஹேவ்’, ‘டிட் யூ ஹேவ்’. இதில் வேறு சூட்சுமம் இல்லை.

‘ஹேட்’ விஷயம்தான் கொஞ்சம் நுணுக்கமானது. ‘நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பது நல்ல தமிழ். அதை அப்படியே ‘ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே’ என்று ஆக்குகிறோம். ஆங்கிலத்தில் இது பாதியில் நிற்கிற பேச்சு. கேட்பவர், ‘சரி, அதற்கப்புறம் என்ன ஆச்சு?’ என்று காத்திருப்பார். நடந்து முடிந்த இரண்டு விஷயங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் அங்கே ‘ஹேட்’: ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்.’ ரயில் போனது முதலில், நான் போய்ச் சேர்ந்தது பிறகு. மதுரைக்குப் போனதை மட்டும் சொல்ல ‘ஐ வென்ட்’ போதும்.

ஆபீஸ் மெயிலிலும் இது நடக்கும். ‘நேத்தே அனுப்பியிருக்கேன்’ என்பது ‘ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே’ என்று போகிறது. நேற்று, போன வாரம், 2019 என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடாது. ‘ஐ சென்ட் இட் யெஸ்டர்டே.’ காலத்தைச் சொல்லாவிட்டால் ‘ஐ ஹேவ் சென்ட் இட்’ சரி.

கடைசியாக, ‘ஐ ஹேவ் எ டவுட்.’ இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் நம் ‘சந்தேகம்’ என்ற சொல்லில் புரியாததும் அடங்கும், நம்பாததும் அடங்கும். ‘டவுட்’ என்பதில் நம்பாமைதான் தூக்கலாகக் கேட்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒன்றை விளக்கி முடித்ததும் இப்படிச் சொன்னால், சொன்னதை நாம் நம்பவில்லை என்று அவர் நினைக்கக்கூடும். அங்கே ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று கேளுங்கள்.