நிட்டிங்: கம்பளிக்கு எழுதிய கணக்கைப் பருத்தியில் போடாதீர்கள்

ஒரு மஃப்ளரும் ஒரு குழந்தைக் குல்லாவும் முடித்த கை சும்மா இருக்காது. அடுத்து ஒரு மேற்சட்டை, ஒரு ஸ்டோல் என்று ஆசை வரும். பேட்டர்னும், அதாவது எத்தனை கண்ணி, எத்தனை வரி என்று சொல்லும் பின்னல் குறிப்பும், இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கம்பளியை மனத்தில் வைத்து எழுதியவை. தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் மார்கழி விடியற்காலையை விட்டால் கம்பளிக்கு ஏது வேலை? அதனால் பருத்தி நூலோ, செயற்கை நூலான அக்ரிலிக்கோ வாங்குகிறோம். அதில் தப்பில்லை. நூலை மாற்றிவிட்டுக் கணக்கை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வதுதான் தப்பு.

முதல் சறுக்கல் கடையிலேயே நடக்கிறது. பேட்டர்ன் 50 கிராம் பந்து ஆறு கேட்கிறது என்று 300 கிராம் பருத்தி வாங்கி வருகிறோம். பருத்தி கனமானது, அதே எடையில் நீளம் குறைவாக இருக்கும். கம்பளிப் பந்து ஒன்றில் 120 மீட்டர் என்றால் மொத்தம் 720 மீட்டர் தேவை. உங்கள் பருத்திப் பந்தில் 85 மீட்டர்தான் என்றால் ஆறு பந்துக்கு 510 மீட்டர். சட்டையின் ஒரு கை முடிவதற்குள் நூல் தீர்ந்துவிடும். ஒன்பது பந்து வேண்டும். எடையைப் பார்க்காமல் லேபிளில் மீட்டரைப் பாருங்கள். சாய லாட் எண்ணும் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்) எல்லாப் பந்திலும் ஒன்றாக இருக்கட்டும். வேறு லாட் கடை வெளிச்சத்தில் ஒரே நிறமாகத்தான் தெரியும்; பின்னி முடித்து வாசலில் விரித்தால் நடுவில் ஒரு கோடு போட்டாற்போல் நிற்கும்.

ஊசி எண் இன்னொரு குழி. நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண் இன்னும் புழக்கத்தில் உண்டு. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு நேர் எதிர். பிரிட்டிஷ் 10 என்பது 3.25 மில்லிமீட்டர், அமெரிக்க 10 என்பது 6 மில்லிமீட்டர். குழப்பம் வேண்டாமென்றால் எண்ணை மறந்து மில்லிமீட்டரை மட்டும் கேளுங்கள்.

இனி மாதிரித் துண்டு, அதாவது வேலையைத் தொடங்கும் முன் அளவு பார்க்கப் பின்னும் சிறு சதுரம். எல்லோரும் தவிர்க்கும் வேலை இது, எல்லாம் கெடுவதும் இங்கேதான். பேட்டர்ன் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) சொல்கிறது, உங்களுக்கு 20 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கண்ணிதானே என்று விட்டால், 198 கண்ணியில் 90 சென்டிமீட்டர் வரவேண்டிய மார்புச் சுற்று 99 ஆகிவிடும். துண்டு குறைந்தது 15 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கட்டும். ஓரக் கண்ணிகள் இழுபட்டிருக்கும் என்பதால் நடுவில் மட்டும் அளக்க வேண்டும். கண்ணி குறைவாக வந்தால் மெலிந்த ஊசிக்கும், அதிகமாக வந்தால் தடித்த ஊசிக்கும் மாறுங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பத்து வரியில் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும். சித்திரை வெயிலில் வியர்த்த விரலில் நூல் ஒட்டிக் கண்ணி இறுகுவதும் உண்டு. பக்கத்தில் ஒரு கைத்துடைப்புத் துணி வைத்து விரலைத் துடைத்துக்கொண்டால் போதும். பவுடர் போடாதீர்கள், நூலில் படியும்.

பருத்தி என்றால் அளந்ததோடு விடக்கூடாது. துண்டைத் துவைத்து, உலர்த்தி, பிறகு ஓர் இரவு கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். கம்பளி இழுத்தால் மீளும், பருத்திக்கு அந்தக் குணம் குறைவு. சட்டை தன் எடையாலேயே கீழே இறங்கும். தொங்கிய துண்டு எவ்வளவு நீள்கிறதோ அந்த விகிதத்தில் நீளத்தைக் குறைத்துப் பின்னுங்கள். ரிப் ஓரத்துக்கு (நேர்க் கண்ணியும் எதிர்க் கண்ணியும் மாறி மாறி வரும், இழுபடும் ஓரப் பின்னல்) அரை மில்லிமீட்டராவது மெலிந்த ஊசி வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் பிடிக்காமல் தொளதொளக்கும்.

நெசவு ஊர்களில் இருப்பவர்களுக்குத் தறி நூல் சிட்டம் மலிவாகக் கிடைக்கும். அதையே பின்னலாம் என்று தோன்றும். ஒற்றை இழையில் முறுக்கு அதிகமாக இருந்தால் ஸ்டாக்கிங் பின்னல் (ஒரு வரி நிட் என்ற நேர்க் கண்ணி, அடுத்த வரி பர்ல் என்ற எதிர்க் கண்ணி) ஒரு பக்கமாகச் சாய்ந்து, சதுரம் சரிந்து நிற்கும். நிட் வரியும் பர்ல் வரியும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இது போகாது, குற்றம் முறுக்கில். இரண்டு இழையை எதிர்த்திசையில் முறுக்கிய நூலாகப் பாருங்கள். சிட்டத்தைப் பந்தாகச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள். சிட்டத்திலிருந்தே நேராக இழுத்துப் பின்னினால் சிக்கெடுப்பதே ஒரு வேலையாகிவிடும்.

ஸ்டோல் முழுவதையும் ஸ்டாக்கிங் பின்னலில் போட்டால் இரு ஓரமும் சுருண்டு குழாயாகிவிடும். அந்தப் பின்னலின் இயல்பு அது. அக்ரிலிக் ஸ்டோலை அயர்ன் போட்டு நிமிர்த்தப் பார்ப்பது அதைவிட மோசம். சூட்டில் நூல் துவண்டு பளபளத்துவிடும், மீட்கவே முடியாது. இரு பக்கமும் ஐந்தைந்து கண்ணி, மேலும் கீழும் ஆறு வரி கார்டர் பின்னலாக (எல்லா வரியும் நிட்) முதலிலேயே விட்டுவிடுங்கள்.

வட்டமாகப் பின்னும்போது, நெகிழும் கம்பியால் இணைந்த இரு முனை கொண்ட வட்ட ஊசியின் நீளம் வேலையின் சுற்றளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 45 சென்டிமீட்டர் குல்லாவை 60 சென்டிமீட்டர் வட்ட ஊசியில் எட்டி இணைக்க முடியாது, 40 வேண்டும். கண்ணி ஏற்றிய ஓரம் ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் இணைத்து, ஐந்தாறு சுற்று போய்ப் பார்த்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. முதல் வரியை நேராகப் பின்னிவிட்டு இணைத்தால் முறுக்கு உடனே கண்ணுக்குத் தெரியும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்று சுமார் 35 சென்டிமீட்டர். குல்லா 31 இருந்தால் பிடிக்கும். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்றால் 68 கண்ணி. நான்கால் மீதியின்றி வகுபடும், இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப்புக்கு வாகானது.

ஒரே வேலையில் புது நூல், லேஸ் (துளைகள் விட்டுப் போடும் பின்னல்), வட்ட ஊசி மூன்றையும் சேர்த்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்று மட்டும் புதிதாக இருக்கட்டும். லேஸ் என்றால் பத்து வரிக்கு ஒருமுறை, வேறு நிறத் தையல் நூலை மழுங்கிய ஊசியில் கோத்து அந்த வரியின் எல்லாக் கண்ணிக்குள்ளும் விட்டு வையுங்கள். தவறினால் பிரிக்கும்போது அந்த நூல் வரை மட்டும் பிரியும்.

முடித்ததைத் துவைத்துக் கொடியில் போடாதீர்கள், அங்கேயே இரண்டு அங்குலம் நீண்டுவிடும். டர்க்கி டவலில் சுருட்டி மிதித்துத் தண்ணீரை எடுத்துவிட்டு, கோரைப்பாயின் மேல் வெள்ளை வேட்டி விரித்து அதில் பரப்புங்கள். வேட்டி எதற்கென்றால், பாயின் சாயம் ஈரத்தில் இறங்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கனத்த பருத்தி ஒரு நாளில் காயாது. மின்விசிறிக்கு அடியில் போட்டு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஈரம் உள்ளேயே நின்றால் பூசணம் பிடித்துக் கரும்புள்ளி விழும், அது துவைத்தாலும் போகாது. அவசர வேலையாக இல்லாவிட்டால் முதல் துவைப்பைத் தை மாத வெயிலுக்கு வைத்துக்கொள்ளலாம்.