ஒரே வீட்டில் பிரிந்து வாழும் பெற்றோர்: சென்டர்லிங்க் உதவித்தொகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் வாடகையும் வீட்டுக் கடன் தவணையும் கழுத்தை நெரிப்பதால், பிரிந்துவிட்ட கணவனும் மனைவியும் ஒரே வீட்டிலேயே தங்கியிருப்பது அரிதன்று. அந்நிலையிலும் ஒருவர் துணையற்றவராகக் கருதப்பட்டு, அரசு உதவித்தொகைகளை வழங்கும் சென்டர்லிங்க் அமைப்பிடமிருந்து உதவித்தொகை பெற 1991ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இதற்கென எஸ்எஸ்293 (SS293) என்ற தனிப் படிவமும் இருக்கிறது.

தனித்தனி அறையில் படுத்தால் போதும் என்று எண்ணுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பணப் புழக்கம், வீட்டு நிர்வாகம், வெளியுலகுக்கு இருவரும் எப்படித் தோன்றுகிறார்கள் என்பது, தாம்பத்திய உறவு, ஒருவர்மீது ஒருவருக்குள்ள பிடிப்பு ஆகிய ஐந்தையும் சேர்த்தே அதிகாரிகள் முடிவெடுப்பார்கள். இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து முடிவைத் தீர்மானிப்பதில்லை. மின்கட்டணத்தைப் பாதிப் பாதியாகக் கட்டுவதால் மட்டும் பாதகம் வராது. ஆனால் இருவர் சம்பளமும் பழையபடி கூட்டுக் கணக்கில் விழுந்து, மளிகையும் சமையலும் துணி துவைப்பதும் முன்போலவே ஒன்றாக நடந்தால், பிரிவுக்குப் பின் என்னதான் மாறியது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. கணக்கைப் பிரித்த நாள், யார் எந்தச் செலவை ஏற்கிறார் என்பது போன்றவற்றை அப்போதைக்கப்போதே எழுதி வைப்பது நல்லது.

நம்மவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் தெரியக்கூடாது என்று பிரிவை மறைத்து, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சோடியாகவே போய்வருவார்கள். மானம் கருதிச் செய்வது புரிகிறது. ஆயினும் பிரிவை அறிந்த மூன்றாம் நபரின் உறுதிப்படுத்தல் கேட்கப்படும்போது, சொல்வதற்கு ஒருவரும் இல்லாமல் போய்விடும். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும்.

விவாகரத்துத் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருப்பதும் தேவையற்றது. விவாகரத்துக்கு 12 மாதப் பிரிவு வேண்டும். சென்டர்லிங்குக்கோ மாற்றம் நிகழ்ந்த 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மீண்டும் சேர்ந்துவிட்டால் அதையும் அதே கெடுவுக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாங்கிய பணம் கடனாகத் திரும்பும்.

பிள்ளைகள் இருவரோடும் இருப்பதால் இருவருமே பெற்றோர் உதவித்தொகை கோரலாம் என்ற நினைப்பும் தவறு. ஒரு பிள்ளைக்கு முதன்மைப் பராமரிப்பாளராக ஒருவரே ஏற்கப்படுவார். துணையற்ற பெற்றோருக்கான தொகை, 2023 செப்டம்பர் 20 முதல், கடைசிப் பிள்ளைக்கு 14 வயதாகும் வரை கிடைக்கிறது. பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் குடும்ப வரிச் சலுகைக்கு (Family Tax Benefit), பராமரிப்பில் குறைந்தது 35 விழுக்காடு தம்முடையதாக இருக்க வேண்டும் என்பதால், பள்ளிக்கு அழைத்துச் செல்பவர் யார், மருத்துவரிடம் கூட்டிப்போகிறவர் யார் என்பதை இருவரும் பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது பின்னர் முரண்பட்ட தகவல் போவதைத் தடுக்கும்.

பிரிந்த துணை தர வேண்டிய பிள்ளை பராமரிப்புத் தொகைக்கு (Child Support), பிரிந்த 13 வாரங்களுக்குள் விண்ணப்பிக்காதவருக்கு அந்த வரிச் சலுகையின் ‘ஏ’ பகுதியில் குறைந்த அளவான அடிப்படை விகிதமே கிடைக்கக்கூடும். குடும்ப வன்முறைக்கு அஞ்சுபவர்கள் இந்த நிபந்தனையிலிருந்து விலக்குக் கேட்கலாம்; அதற்கு சென்டர்லிங்கின் சமூகப் பணியாளரிடம் பேச வேண்டும் என்று கேட்டால் போதும்.

ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக, பிரிந்த துணையையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சென்டர்லிங்கின் 131 202 என்ற பன்மொழித் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றி உரைபெயர்ப்பாளர் உதவியுடன் பேசலாம்.