காலேஜ் கேட்டில் துப்பாக்கிக் காவலாளியா? முதலில் இந்தப் பேப்பர்களைப் பாருங்கள்

வேலூர்ப் பக்கம் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, ரிட்டயர்டு ஆனவர் ஒருவரைச் சொந்தத் துப்பாக்கியோடு கூட்டிவந்து கேட்டில் நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் நிர்வாகிகளும் இருக்கிறார்கள். ஆள் நல்லவராகவே இருப்பார். சட்டம் கேட்பது பேப்பரை.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள், அங்கே யுனிவர்சிட்டிக்கே தனி போலீஸ் இருக்கிறது, இடுப்பில் துப்பாக்கியோடு சுற்றுகிறார்கள் என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான், அங்கே பல மாநிலச் சட்டங்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. இங்கே காலேஜ் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி எந்த யூனிஃபார்ம் போட்டாலும் தனியார் ஆள்தான், போலீஸ் அதிகாரம் எதுவும் அவருக்குக் கிடையாது. அதுவும் போலீஸ், ராணுவ உடை மாதிரி தைத்துப் போட்டால் 2005-ம் வருடத்துத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி காவலாளிக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

சரி, துப்பாக்கி வேண்டும் என்று முடிவே பண்ணிவிட்டீர்கள் என்றால், 1959 ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவில் தொடங்குங்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. மனு போவது மாவட்ட கலெக்டருக்கு. வேலூர் என்றால் சத்துவாச்சாரியில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ். ஆற்காடு, வாலாஜா காலேஜ்காரர்கள் பழைய ஞாபகத்தில் அங்கே போய் நிற்க வேண்டாம், 2019 மாவட்டப் பிரிவினைக்கு அப்புறம் அவர்களுக்கு ராணிப்பேட்டைதான். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து விசாரணை ரிப்போர்ட் போகாமல் ஃபைல் நகராது, ஆகவே இன்ஸ்பெக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எதற்காக வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஃபீஸ் பணம் பேங்குக்குப் போகும் நாள், கேஷ் கவுன்டர் இருக்கும் இடம், இப்படி. 'மாணவர் பாதுகாப்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நானே கையெழுத்துப் போட மாட்டேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு வரும் கேட்டில் துப்பாக்கி எதற்கு?

ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தால் அந்த ஏஜென்சியின் சொந்த லைசென்ஸைக் கேளுங்கள், அதே 2005 சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. காவலாளிக்கு 18-லிருந்து 65 வயதுக்குள் இருக்க வேண்டும், நடத்தை விசாரணை முடிந்திருக்க வேண்டும், பயிற்சிச் சான்று, போட்டோ ஐடி கார்டு இருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை தரலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் ஒழுங்கீனத்துக்காகப் படையிலிருந்து நீக்கப்பட்டவரை வைக்கக் கூடாது, ஆகவே டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது லைசென்ஸ் புத்தகம். இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஜெராக்ஸ் வேண்டாம், ஒரிஜினலை மேஜையில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்புங்கள். யார் பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது, எந்த எல்லைக்குள் செல்லும், எதற்காகக் கொடுத்தது, எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம். சொந்தப் பாதுகாப்புக்காக வாங்கிய லைசென்ஸை வைத்து உங்கள் கேட்டைக் காவல் காக்க விடாதீர்கள். காலேஜ் அல்லது ஏஜென்சி பெயரில் இருந்தால், துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவர் பெயர் ரிட்டெய்னர், அதாவது லைசென்ஸ்காரர் சார்பில் துப்பாக்கி பிடிப்பவர், என்று அதில் ஏறியிருக்க வேண்டும். நேற்று வரை வந்தவருக்குக் காய்ச்சல், இன்று அவர் மச்சான் வந்து அதே இரட்டைக் குழலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்றால் அது குற்றம். அப்புறம் தோட்டாவை இறக்கச் சொல்லிவிட்டு, துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணையும் புத்தகத்தில் உள்ள எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் ஆளைக் கேட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சுடுவது பற்றி எழுத்தில் ஒரு உத்தரவு கொடுத்து, அவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டி மிரட்டுவதற்கும் சுடுவதற்கும் 2016 ஆயுத விதிகள் தடை போடுகின்றன, லைசென்ஸே போய்விடும். ஸ்டிரைக் பண்ணும் மாணவர்களைக் கலைக்கத் துப்பாக்கியைத் தூக்கினால் தற்காப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. கண்ணெதிரே பெரிய குற்றம் செய்தவனைப் பிடித்து வைக்கலாம், அது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை, ஆனால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 40-வது பிரிவுப்படி 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும்.

என்.சி.சி. ரைஃபிள் வேறு கணக்கு, அதற்கு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவில் விலக்கு உண்டு. அதைக் காட்டி 'எங்களுக்கும் விலக்குதானே' என்று கேட்காதீர்கள்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2019-ல் வேலூர் எம்.பி. தேர்தல் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்ட் 5-ம் தேதி நடந்தது, அப்படியும் நடக்கும், ஆகவே துப்பாக்கி இல்லாத வாரங்களுக்குக் கேஷ் கவுன்டரில் யார் நிற்பது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.