பாலைமணல் படிந்த பழங்காசு வாங்குவோருக்கு

சிரியா, எகிப்து போன்ற வறண்ட நிலங்களில் கிடைக்கும் உரோம வெண்கலக் காசுகள் சிலவற்றில், பேரரசனின் முகம் கரும்பச்சையாக மேலெழுந்து நிற்க, எழுத்துகளின் இடுக்குகளில் வெளிர்மஞ்சள் மணல் இறுகியிருக்கும். இந்த அழகுக்கு விலை கூடுவதால், பசையில் குழைத்த மணலைப் பூசியவையும் விற்பனைக்கு வருகின்றன. ஐயமிருந்தால், காசைத் தூய அசிட்டோனில், நெருப்பு அண்டாத இடத்தில், மூடிய கண்ணாடிப் போத்தலில் ஓரிரவு ஊற வையுங்கள். பெரும்பாலான பசைகள் இளகிவிடும், இயற்கையான கனிமப் படிவு கரையாது.

கொழும்பில் அதைவிடப் பெரிய தொல்லை கடற்காற்றின் ஈரம். மணலோடு குளோரைடு உப்பும் ஒட்டியிருந்தால், ஈரம் பட்டதும் வெண்கலம் அரிக்கத் தொடங்கி, பற்குச்சியால் தொட்டாலே உதிரும் வெளிர்பச்சைத் தூள் கிளம்பும். ஆகவே, வெள்ளவத்தை போன்ற கரையோரப் பகுதிகளில் வசிப்போர் பிவிசி உறைகளைத் தவிர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காசுகளை வைப்பது நல்லது. புளியிட்டுத் துலக்குவது குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு ஆகாது.