மைனர் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதல் வருட மாணவர்களுக்குப் படிப்படியாக

இரண்டாம் செமஸ்டர் முடிகிற நேரத்தில் துறை அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் 'மைனர்' என்று போட்டு ஒரு கோடு இருக்கும். முக்கியப் பாடமான மேஜரோடு கூடவே படிக்கும் இரண்டாவது பாடம்தான் மைனர். பக்கத்தில் உட்காரும் தோழி என்ன எழுதினாளோ அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம். 24 கிரெடிட் (வகுப்பு நேரத்தை வைத்துப் பாடத்துக்குத் தரும் அலகு) போகிற விஷயம் இது. படிவம் கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே கீழே உள்ள வேலைகளை முடித்து வையுங்கள்.

படி 1: உங்கள் கல்லூரி எந்த முறையில் நடக்கிறது என்று பாருங்கள்

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் 2023-24 முதல் புதிய கல்விக் கொள்கை முறைக்கு வந்துவிட்டன. அதற்கு அடிப்படை யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட கிரெடிட் சட்டகம். மூன்று வருடப் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட். மேஜருக்குக் குறைந்தது 60, மைனருக்கு 24. நான்காம் வருடமும் படித்தால் மைனர் 32 ஆகும்.

கடலூர்ப் பக்கம் கலை அறிவியல் கல்லூரிகளில் இருப்பது அலைடு பாடம், அதாவது மேஜருக்குத் துணையாக வைக்கும் பாடம். அதைப் பெரும்பாலும் துறையே முடிவு செய்திருக்கும். அங்கே உங்கள் தேர்வு அட்மிஷன் நாளன்றே முடிந்துவிடுகிறது. ஆகவே தம்பி தங்கைகளைச் சேர்க்கப் போகும்போது, "இந்தக் கணிதப் படிப்புக்கு அலைடு இயற்பியலா, புள்ளியியலா?" என்று கவுன்ட்டரிலேயே கேளுங்கள்.

பொறியியல் வேறு கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் மைனர் என்பது வழக்கமான கிரெடிட்டுக்கு மேல் கூடுதலாக 18. மூன்றாம் செமஸ்டர் வரை 7.50 சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) இருந்தால் ஐந்தாம் செமஸ்டரிலிருந்து பதிவு செய்யலாம். நடுவில் முடியாமல் போனால், படித்த பேப்பர்களைப் புரொஃபஷனல் எலக்டிவுக்கு (உங்கள் துறையில் நீங்களே தேர்ந்தெடுக்கும் பாடத்துக்கு) பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் யோசித்துத் தொடங்குங்கள்.

படி 2: தகுதி வரியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பட்டம் முடித்ததும் எழுத நினைக்கும் தேர்வு, சேர நினைக்கும் படிப்பு என்று மூன்றைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடைசியாக வந்த அறிவிக்கையை எடுத்து, கல்வித் தகுதிப் பத்தியை மட்டும் வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

புள்ளியியலையே எடுத்துக்கொள்வோம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் 'ஒரு பாடமாக' இருந்திருக்க வேண்டும். பொருளாதாரம் மேஜராகப் படிக்கும் ஒருவருக்கு, மைனர் வழியாக இந்தக் கதவு திறக்க வாய்ப்பு இருக்கிறது. எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரி நிலைத் தேர்வில் புள்ளியியல் புலனாய்வாளர் பணிக்கோ இன்னொரு நிபந்தனையும் உண்டு: மூன்று வருடமும், அல்லது ஆறு செமஸ்டரிலும், புள்ளியியல் படித்திருக்க வேண்டும். மைனர் பேப்பர் நான்கு செமஸ்டரில் மட்டும் வந்தால் அங்கே தட்டிவிடுவார்கள். ஒரே பாடம், ஒரே மதிப்பெண், ஆனால் ஓரிடத்தில் தகுதி, இன்னோர் இடத்தில் தகுதியில்லை. எந்தெந்த செமஸ்டரில் பேப்பர் வருகிறது என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்திய வனப் பணிக்கும் தாவரவியல், விலங்கியல், வேதியியல், நிலவியல், கணிதம் போன்ற பட்டியலில் ஏதாவது ஒன்று பட்டத்தில் இருந்தாக வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அதை மட்டும் குறிவைப்பவர்கள் பிடித்த பாடத்தையே எடுக்கலாம்.

முதுகலையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'மைனர் படித்தால் அதிலேயே எம்.எஸ்சி. கிடைக்கும்' என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். பல இடங்களில் மேஜரைத்தான் கேட்பார்கள். பிராஸ்பெக்டஸில் மைனரையோ அலைடையோ ஏற்பதாகத் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். பி.எட். சேர்க்கைக்கும் இதே எச்சரிக்கை.

படி 3: சிலபஸைக் கடைசிப் பேப்பரிலிருந்து படியுங்கள்

முதல் பேப்பர் எந்தப் பாடத்திலும் சுலபமாகத்தான் இருக்கும். புள்ளியியலில் சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம்; கால்குலேட்டர் இருந்தால் போதும். அடுத்து நிகழ்தகவுப் பரவல்கள் வரும்போது தொகையீடு போடாமல் ஒரு கணக்கும் நகராது. பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்து, கணிதத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவர்கள் சரியாக இங்கேதான் அரியர் வைக்கிறார்கள். அவர்களுக்கு அறிவில் குறைவில்லை, நடுவில் ஒரு படிக்கட்டு இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாடு பதினொன்றாம் வகுப்புக் கணித நூலின் இரண்டாம் தொகுதியில் வகையீடு, தொகை நுண்கணிதம் ஆகிய பாடங்களைக் கோடை விடுமுறையில் போட்டுப் பார்த்துவிட்டால் அந்தப் படிக்கட்டைக் கட்டிவிடலாம். போட்டுப் பார்த்தும் பிடிக்கவில்லையென்றால், படிவம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டது நல்லது.

பிரெஞ்சு மாதிரி மொழிப் பாடத்தில் சிக்கல் வேறு. புதுச்சேரியில் பலர் பள்ளியிலேயே பிரெஞ்சு படித்திருப்பார்கள். வகுப்பு அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறதா, பள்ளி அளவுக்கு மேலே தொடங்குகிறதா என்று ஆசிரியரிடமே கேளுங்கள்.

படி 4: டைம்டேபிளில் பென்சிலால் போட்டுப் பாருங்கள்

ஒரு கிரெடிட் என்பது செமஸ்டருக்கு 15 மணி நேர வகுப்பு. செய்முறை என்றால் 30 மணி நேரம். சிலபஸில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் 4-0-0 என்று இருந்தால் வாரம் 4 மணி நேரம் வகுப்பு. 3-0-2 என்றால் கிரெடிட் அதே 4தான், ஆனால் மூன்று மணி நேர வகுப்போடு இரண்டு மணி நேர லேப், ஆக 5 மணி நேரம். ரெக்கார்டு எழுதும் வேலை தனி.

அந்த மணி நேரங்களை உங்கள் டைம்டேபிளில் பென்சிலால் நிரப்புங்கள். பல துறை மாணவர்களும் சேர்ந்து வரும் வகுப்பு என்பதால் மைனரை நாளின் முதல் மணியிலோ கடைசி மணியிலோ போடுவார்கள். பாகூரிலிருந்தும் நெட்டப்பாக்கத்திலிருந்தும் பஸ்ஸில் வருபவர்களும், கடலூரிலிருந்து தினமும் போய்வருபவர்களும் கடைசி மணி முடிந்தால் எந்த பஸ் கிடைக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு தவறினாலும் 75 சதவீத வருகைப்பதிவு ஆட்டம் கண்டுவிடும்.

படி 5: ஸ்வயம் வழியாக எடுப்பதாக இருந்தால்

உங்கள் கல்லூரியில் அந்தத் துறையே இல்லையென்றால், மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கலாம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிச் சேர்க்க யு.ஜி.சி. விதி இடம் தருகிறது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் துறைத்தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி, பிறகுதான் பதிவு. படித்து முடித்துச் சான்றிதழோடு வந்து கிரெடிட் கேட்டால் எடுபடாது. ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.கள் தரும் என்.பி.டி.இ.எல். பாடம் என்றால் அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வாங்க வேண்டும். தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

படி 6: படிவம் கொடுத்த பிறகு

நிரப்பிய படிவத்தை போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கர் மூலம் கிரெடிட் வங்கி (வாங்கிய கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கு) அடையாள எண் எடுத்திருக்கிறீர்களா, அதில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள்; இனிஷியல் மாறினாலே கிரெடிட் ஏறாமல் நிற்கும். மூன்றாம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் வந்ததும் மைனர் பேப்பருக்கு நேரே 'மைனர்' என்றே அச்சாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். வேறு பிரிவில் விழுந்திருந்தால் அந்த வாரமே விண்ணப்பம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். ஆறாம் செமஸ்டர் முடிந்தபின் போனால் அதே திருத்தத்துக்கு மாதக்கணக்கில் அலைய நேரும்.